குதிரையை எங்கே கட்டினாங்க?

பழைய மெட்ராஸின் தோட்ட வீடுகளைப் பற்றி எதைப் படித்தாலும் முதலில் வருவது தூண்கள்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி, பளிங்கு மாதிரி தேய்த்தெடுத்த உயரமான தூண்கள். எனக்கு வேற சந்தேகம்: அந்த வீட்டில் குதிரையை எங்கே கட்டினாங்க?

இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. நான் ராயபுரத்துக்காரன். எங்க பாட்டனார் ஒருத்தர் ஏதோ ஒரு துரை வீட்டில் குதிரைக்காரராக இருந்தார் என்பது வீட்டில் சொல்லிக்கொள்ளும் கதை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்பெனி அதிகாரிகளும் வியாபாரிகளும் கோட்டையில் வேலையை வைத்துக்கொண்டு எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு பக்கம் வீடு கட்டினார்கள். இன்று பெண்கள் கிறித்துவக் கல்லூரிக்குள் இருக்கும் டவ்டன் ஹவுஸ் 1798 வாக்கில் எழுந்தது. கோட்டையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். ரயிலும் டிராமும் இல்லாத காலம். பல்லக்கு, இல்லாட்டி குதிரை வண்டி. லாயம் இருந்ததால்தான் வீடு அவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடிந்தது. அந்த வீடுகளின் போர்ட்டிகோ அவ்வளவு உயரமா, அகலமா இருப்பதும் வண்டி உள்ளே வந்து நிற்கத்தான்.

இங்கிலாந்தில் லாயமே ஒரு அரண்மனை. சாட்ஸ்வொர்த் மாளிகையில் 1760களில் ஜேம்ஸ் பெயின் கட்டிய லாயம் 80 குதிரைகளுக்கானது. நடுவில் முற்றம், நாலு பக்கமும் கல் கட்டடம், வாசல் மேல் கடிகார கோபுரம். இப்ப அதில் உணவகமும் கடைகளும் நடக்கின்றன.

நம்ம ஊர் லாயம் இதற்கு நேர் எதிர். அங்கே குளிருக்கு அடைத்தார்கள், இங்கே காற்றுக்குத் திறந்தார்கள். நாற்றமும் ஈயும் அண்டாதபடி வீட்டை விட்டுத் தள்ளி, தாழ்வான ஓட்டுக் கூரை, முன்பக்கம் திறப்பு. தலைக்கு ஒரு கயிறு, பின்னங்காலுக்கு ஒரு கயிறு கட்டிவிட்டால் தடுப்புச் சுவர்கூட அவசியமில்லை. ஒரு ஓரம் வண்டிக் கொட்டகை, அடுத்து வேலைக்காரர்களின் அறைகள். அந்த அறைகளுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'குடோன்'. சாமான் வைக்கும் இடத்துக்கும் ஆள் தங்கும் இடத்துக்கும் ஒரே வார்த்தை!

1836 முதல் 1839 வரை இங்கே இருந்த ஜூலியா மெயிட்லாண்ட் தன் கடிதங்களில் ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ஆண், ஒரு பெண். ஆண் குதிரையைப் பார்த்துக்கொள்வார். பெண் புல் அறுத்து வருவார். அப்படியென்றால் நாலு குதிரை கட்டிய லாயத்தில் எட்டுப் பேரின் பிழைப்பு.

குதிரை வந்த வழியிலும் எங்க கரை இருக்கிறது. துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டுவது மசூலா படகில். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் 'வேலர்' என்று பெயர் பெற்ற குதிரைகளும் இந்தக் கரையில் இறங்கியவைதான். 1834ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் ஆஸ்திரேலியக் குதிரைகள், கட்டுமரங்கள், மசூலா படகுகள் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. அந்தப் படகுக்காரர்கள் குடியிருந்த ஊர்களில் ராயபுரமும் ஒன்று.

அப்புறம் மோட்டார் வந்தது. 1840இல் தொடங்கி கோச் வண்டி செய்துகொண்டிருந்த சிம்ப்ஸன் கம்பெனியே 1903இல் நீராவிக் கார் செய்தது. குதிரை போனதும் லாயத்துக்கு வேலை இல்லை. கார் ஷெட் ஆச்சு, இல்லாட்டி இடிபட்டது. தூணைப் பாதுகாக்கணும்னு சொல்ல ஆள் உண்டு. ஓட்டுக் கூரைக்கு யார் வருவார்?

அடுத்த முறை ஒரு பழைய பங்களாவுக்குப் போனால் போர்ட்டிகோவைப் படம் எடுத்துவிட்டு, பின்பக்க மதில் வரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்க. சுவரில் ஒரு இரும்பு வளையம் மிஞ்சியிருந்தால் எனக்குச் சொல்லுங்க. எங்க பாட்டனார் நின்ற இடம் அதுவாகவும் இருக்கலாம்.