பதினேழு பேர் மட்டுமே: இலங்கை மலேரியாவை இரண்டு முறை வென்ற வரலாறு

போரைத் தவிர்த்து, இலங்கையில் பெருந்தொகையானோரைப் பலிகொண்ட அனர்த்தம் எது என்று கேட்டால் இன்றைய தலைமுறையினர் 2004 டிசம்பர் கடற்கோளையே குறிப்பிடுவர். அதில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1935இலும் நீடித்த ஒரு காய்ச்சல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டு சென்றது. நோயில் விழுந்தவர்கள் சுமார் 15 இலட்சம். அன்றைய சனத்தொகையோ ஏறத்தாழ 55 இலட்சம் மட்டுமே. நால்வரில் ஒருவருக்கு மேல் படுக்கையில் கிடந்த அந்த மாதங்களைப் பற்றி நமது வரலாற்று நூல்களில் ஓரிரு பந்திகளுக்கு மேல் காண்பதரிது.

அந்தக் காய்ச்சல் மலேரியா. அது இலங்கைக்குப் புதிய நோயன்று. வன்னியிலும் கிழக்கிலும் அநுராதபுரத்துக் காடுகளிலும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அதனுடனேயே வாழ்ந்து வந்தனர். குருநாகலில் 1911ஆம் ஆண்டிலேயே மலேரியா தடை முயற்சி ஆரம்பிக்கப்பட்டுவிட்டது. அவ்வாறிருக்க, 1934இல் அத்தனை பேர் ஏன் மடிந்தனர்?

விடை மழையில் இருக்கிறது. அதுவும் நாம் வழமையாக எண்ணுவதற்கு நேர்மாறான முறையில். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும் என்பது பொதுக் கருத்து. உலர் வலயத்துக்கு அது பெரிதும் பொருந்தும். ஆனால் இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான நுளம்பாகிய அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ், வெயில் படும் தெளிந்த நிலைநீரில் முட்டையிடுவது. பெருக்கெடுத்தோடும் ஆற்றில் அதன் குடம்பிகள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். தென்மேற்கின் ஈர வலயத்தில் மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை போன்ற ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருந்ததால், அக்கரையோரக் கிராமங்களுக்கு ஆறே காவலாக இருந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் ஆயிரக்கணக்கான சிறு குட்டைகளாக உடைந்தன. காவலாக இருந்த ஆறே நுளம்புப் பண்ணையாயிற்று.

இனி, நோய் தொற்றும் முறையைச் சற்று நோக்குவோம். மலேரியா காற்றாலோ தண்ணீராலோ பரவுவதன்று. நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கும் பெண் நுளம்பின் உடலில் ஒட்டுண்ணி புகுந்து, சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்கள் வளர்ந்த பின்னரே அந்நுளம்பு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும் நிலையை அடைகிறது. நுளம்பே காவி என்பதை றொனால்ட் றொஸ் 1897இல் செக்கந்தராபாத்தில் நிறுவினார். ஆகவே நோய்ச் சங்கிலிக்கு மூன்று கண்ணிகள் உள்ளன: ஒட்டுண்ணியைச் சுமக்கும் மனிதன், நீண்டநாள் உயிர்வாழும் நுளம்பு, காப்பற்ற இன்னொரு மனிதன். 1934இல் மூன்றும் ஒருங்கே சேர்ந்தன. குட்டைகள் நுளம்பைக் கொடுத்தன. ஈர வலயத்து மக்களோ உலர் வலயத்தவரைப் போல அடிக்கடி காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களல்லர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட, மலேரியாவின் நிரந்தர வீடாகக் கருதப்பட்ட உலர் வலயம் ஒப்பீட்டளவில் தப்பித்துக்கொண்டது இதனாலேயே.

நான்காவது கண்ணி ஒன்றும் உண்டு. அதை மருத்துவ நூல்கள் அடிக்குறிப்பில் வைக்கும். என்னால் அவ்வாறு வைக்க இயலவில்லை. அது பசி. உலகப் பொருளாதார மந்தத்தினால் இறப்பரும் தெங்கும் விலையிழந்து, கூலிவேலை அருகிப்போயிருந்த காலம் அது. வரட்சியில் பயிரும் கருகிற்று. இறந்தவர்களில் பெரும்பங்கினர் சிறுவர்கள் என்பதை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். நுளம்பு செல்வந்தரையும் ஏழையையும் ஒருங்கே கடித்தது. ஆனால் மரணம் அவ்வாறு பகிர்ந்தளிக்கப்படவில்லை.

அரசாங்கம் சும்மா இருந்துவிட்டது என்று கூறுவது நியாயமாகாது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சுகாதார அமைச்சராக ரி.பி. பானபொக்கே இருந்தார். மருத்துவ, சுகாதார சேவைகளின் பணிப்பாளராக இருந்த றூபர்ட் பிரையர்கிளிவ் பின்னர் இக்கொள்ளைநோய் பற்றி விரிவான அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தார். தற்காலிக சிகிச்சை நிலையங்கள் திறக்கப்பட்டன, குயினைன் விநியோகிக்கப்பட்டது. எனினும் வீட்டில் அனைவருமே படுத்துவிட்டால் மருந்தை யார் வாங்கி வருவது? வெறும் வயிற்றில் குயினைன் என்ன செய்யும்? இந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். வைத்திய கலாநிதி எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலியோர் களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலைக் கிராமங்களிலும் மருந்தோடு உணவும் கொண்டு சென்றனர். பருப்பு விநியோகித்ததால் என்.எம். பெரேராவுக்குக் கிராமத்தார் ‘பருப்பு மகாத்மயா’ என்றே பெயரிட்டனர். 1935 டிசம்பரில் அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். மறுவருடம் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் அக்கட்சி வென்ற ஆசனங்கள் இரண்டு: ருவான்வெல்ல, அவிசாவளை. இரண்டுமே காய்ச்சல் நடமாடிய பிரதேசங்கள். இலங்கையின் இடதுசாரி இயக்கம் மார்க்சின் நூல்களிலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை.

அடுத்த கட்டம் டி.டி.ரி. மருந்துடன் வந்தது. 1945, 46 காலப்பகுதியில் வீட்டுச் சுவர்களில் மருந்தடிக்கும் பணி ஆரம்பமாயிற்று. கடித்த நுளம்பு இரத்தம் நிறைந்த வயிற்றோடு சுவரில் இளைப்பாறும். சுவரில் நஞ்சிருந்தால் அது பத்து நாட்கள் உயிரோடிராது. ஒட்டுண்ணி முதிர்வதற்குமுன் சங்கிலி அறுந்துவிடும். 1946இல் நாட்டில் ஏறத்தாழ 28 இலட்சம் மலேரியா நோயாளர்கள் பதிவாகியிருந்தனர். அடுத்த ஆண்டில் நாட்டின் மொத்த மரண வீதமே ஆயிரத்துக்கு 20 என்ற நிலையிலிருந்து 14 ஆக வீழ்ந்தது. இந்த வீழ்ச்சி முழுவதும் டி.டி.ரி.யினால் ஏற்பட்டதா, உணவு விநியோகத்துக்கும் வைத்திய வசதிகளின் பெருக்கத்துக்கும் அதில் பங்குண்டா என்பது குறித்துக் குடித்தொகையியலாளர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டனர். இரண்டுக்கும் பங்குண்டு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. நூற்றாண்டுகளாக உலர் வலயத்துக் காடுகளில் பெருங்குடியேற்றம் நிகழாது தடுத்து நின்ற காவற்காரன் நுளம்பு. அது அகன்றதும் காடு திறந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதனைத் தொடர்ந்த குடியேற்றத் திட்டங்களும், யாழ்ப்பாணத்திலிருந்து நிலம் தேடி இளைஞர்கள் முத்தையன்கட்டுக்குச் சென்றதும், சுவரில் மருந்து விழுந்த பின்னரே பெருமளவில் சாத்தியமாயின. கிழக்கின் குடிப்பரம்பலும் அதனால் மூண்ட அரசியற் பிணக்கும் பற்றி எழுதுவோர் நுளம்பை மறந்துவிடுகின்றனர். அது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம்.

1963ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டில் இலங்கை முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர்கள் பதினேழு பேர் மட்டுமே. அவர்களிலும் 11 பேர் வெளிநாட்டில் நோயைப் பெற்று வந்தவர்கள். 28 இலட்சத்திலிருந்து 17. உலகமே வியந்த எண் அது. மறுவருடம், 1964இல், மருந்தடிப்பது நிறுத்தப்பட்டது.

இணையத்தில் அடிக்கடி உலவும் ஒரு கதையை இங்கே மறுத்தாக வேண்டும். றேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூலினால் டி.டி.ரி. தடைசெய்யப்பட்டது என்றும், அதனால் இலங்கையில் மலேரியா திரும்பியது என்றும் சிலர் எழுதுகின்றனர். அந்நூல் 1962இல் வெளிவந்தது உண்மை. ஆனால் அமெரிக்காவில் டி.டி.ரி.க்குத் தடை வந்தது 1972இல். இலங்கையில் மருந்தடிப்பது நின்றது தடையினாலன்று, வெற்றியினால். நோய் போய்விட்டது, இனிச் செலவு எதற்கு என்ற எண்ணம் அது. ஒழிப்புத் திட்டத்தின் விதிகளின்படியும் அது முறையான அடுத்த கட்டமே. ஆனால் அந்தக் கட்டத்தில் மருந்தின் இடத்தைக் கண்காணிப்பு நிரப்பியிருக்க வேண்டும். காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரின் இரத்தமும் காலந்தாழ்த்தாது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். காட்டுக்குள் சேனைப் பயிர் செய்வோரையும், எலஹெரப் பகுதியில் இரத்தினக்கல் அகழச் சென்று குழிகளருகே குடில்களில் உறங்கியோரையும் எந்தக் கண்காணிப்பு எட்டியது? அகழ்ந்து கைவிடப்பட்ட குழிகளில் தண்ணீர் தேங்கிற்று. அங்கே காய்ச்சல் பிடித்தவர்கள் ஊர் திரும்பினர்.

1968இல் 4 இலட்சத்து 40 ஆயிரம் நோயாளர்கள். 1969இல் 5 இலட்சத்து 37 ஆயிரம். பெரும்பாலும் உயிர்கொல்லாத வைவக்ஸ் வகையாக இருந்ததால் மரணங்கள் குறைவு. மீண்டும் டி.டி.ரி. எடுக்கப்பட்டது. ஆனால் நுளம்பு அதற்குள் அம்மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டிருந்தது. 1977இல் மலத்தியோனுக்கு மாறினார்கள். 1987இல் நோயாளர் தொகை 6 இலட்சத்தையும் தாண்டிற்று.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எண்பதினாயிரம் மரணம் தலைப்புச் செய்தி. பதினேழு நோயாளர் உட்பக்கச் செய்தி. ஒரு கிராமத்தில் காய்ச்சலே இல்லாதபோதும் சுகாதார ஊழியர் ஒருவர் சைக்கிளில் வந்து இரத்தம் எடுத்துச் செல்வது செய்தியே அல்ல. செய்தி ஆகாதவற்றுக்கு நிதி ஒதுக்குமாறு எந்த அமைச்சரையும் எவரும் நெருக்குவதில்லை.

இரண்டாவது வெற்றியின் கதை முதலாவதைவிட எனக்கு வியப்பூட்டுவது. ஏனெனில் அது போருக்குள் நிகழ்ந்தது. 1999இல் நாட்டில் 2 இலட்சத்து 64 ஆயிரம் நோயாளர்கள் பதிவாகினர். வடக்கு கிழக்கின் பங்கு அதில் கணிசமானது. இடம்பெயர்ந்தோர் மர நிழல்களில் படுத்திருந்த காலம். ஆயினும் மலேரியா தடை ஊழியர்கள் போர்முனையின் இரு பக்கங்களிலும் வேலை செய்தனர். அவர்களை இரு தரப்பும் பெரும்பாலும் அனுமதித்தன. காரணம் எளிது: காய்ச்சல் இருதரப்புப் படையாளரையும் வீழ்த்தியது. நடமாடும் சிகிச்சைக் குழுக்கள் காய்ச்சலைத் தேடிச் சென்று இரத்தம் சோதித்தன. 2003க்குப் பின்னர் உலகளாவிய நிதியத்தின் உதவியுடன் நீண்டகாலம் மருந்து நிலைக்கும் நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. 2008இல், போர் உச்சத்தில் இருந்தபோதே, நாடு முழுவதிலும் நோயாளர் தொகை ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்திற்று.

இம்முறை 1964இன் தவறு திரும்பவும் இழைக்கப்படவில்லை. மருந்தடிப்பது குறைக்கப்பட்டது, கண்காணிப்புக் குறைக்கப்படவில்லை. முகவர்களை நம்பிக் கனடா போன்ற நாடுகளுக்குப் புறப்பட்டு மேற்கு ஆபிரிக்காவில் சிக்கி, 2011 முதல் 2013 வரையான காலத்தில் திரும்பி வந்தவர்களிடையே மலேரியா காணப்பட்டபோது, அவர்கள் தேடிச் சோதிக்கப்பட்டனர். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து மீண்ட அகதிகளுக்கும் இரத்தப் பரிசோதனை நடந்தது. 2018இல் மொனராகலையில் வேலை செய்த இந்தியர் ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு நோய் தொற்றியபோது, அந்தச் சங்கிலி அவ்விருவரோடும் முடித்துவைக்கப்பட்டது.

ஆனால் நுளம்பும் சும்மா இருக்கவில்லை. 2016 டிசம்பரில், சான்றிதழ் கிடைத்துச் சில மாதங்களிலேயே, மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் இந்திய நகர்ப்புற நுளம்பு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. இதற்கு வற்றிய ஆறும் வேண்டாம், காட்டுக் குழியும் வேண்டாம். வீட்டுக் கிணறும் மூடாத தண்ணீர்த் தொட்டியும் போதும். கிணறில்லாத வளவைக் காண்பதரிதான யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. கிணற்றுக்கு வலை போடுவதும், குடம்பிகளைத் தின்னும் மீன்களை விடுவதும், தொட்டியை மூடிவைப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். ஆபிரிக்காவுக்கோ இந்தியாவின் சில மாநிலங்களுக்கோ போய் வந்து, அதன் பின்னர் காய்ச்சல் கண்டால், போன இடத்தை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். வைவக்ஸ் வகை ஈரலில் பல மாதங்கள் உறங்கிக் கிடந்தும் எழக்கூடியது. இலங்கையின் இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளி ஒருவரையேனும் கண்டிராதவர்கள். காய்ச்சல் என்றதும் அவர்களது எண்ணம் முதலில் டெங்குவுக்கே செல்கிறது.