சரக்கு டிரெய்லர் முகாம் வண்டிக்கான மரப்பலகைகள்

கார் இழுத்துச் செல்லும் மூடிய சரக்குப் பெட்டிக்குள் படுக்கை, அடுக்களை, அலமாரி அமைத்துத் தங்குமிடமாக மாற்றிய வண்டியே சரக்கு டிரெய்லர் முகாம் வண்டி. அமெரிக்காவிலும் கனடாவிலும் பலர் இதைத் தங்கள் கையாலேயே செய்துகொள்கிறார்கள். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே எஃகுச் சட்டம், தரைக்கும் சுவருக்கும் பிளைவுட் என்றுதான் பெட்டி பெரும்பாலும் விற்பனைக்கு வருகிறது. அதற்குள் சேர்க்கும் மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது எடை, அடுத்தது ஈரம். அழகு அதற்குப் பிறகுதான்.

ஒற்றை அச்சுப் பெட்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு, அதாவது சுமார் 1,356 கிலோ. வண்டி, தண்ணீர், பேட்டரி, சாமான் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். எட்டுக்கு நான்கு அடியில் 18 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்திய மர இழை) பலகை ஒன்றே ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். பர்ச் பிளைவுட் 36 கிலோ. ஆப்பிரிக்க ஒக்கூமே மரத்து பிளைவுட் 24 கிலோ. உண்மையில் 18 மி.மீ. கனம் பல இடங்களில் வீண். குறுக்குச் சட்டங்களை நெருக்கமாகக் கொடுத்தால் படுக்கைக்கு 12 மி.மீ. போதும். மேற்கூரையின் உட்புறத்துக்கு 5 மி.மீ. தாராளம்.

அலமாரிக்குப் பால்டிக் பர்ச் பிளைவுட் நல்ல தேர்வு. 18 மி.மீ. பலகையில் 13 அடுக்குகள் இருப்பதாலும் உள்ளே பொந்து அரிது என்பதாலும், ஓடும் வண்டியின் அதிர்விலும் திருகு பிடிப்பு விடாது. ஆனால் பர்ச் ஈரத்தில் எளிதில் உளுத்துப்போகும் மரம்.

ஈரத்துக்குப் பெட்டிக்குள் பஞ்சமில்லை. அடுப்பில் ஒரு கிலோ புரோப்பேன் வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்து, குளிரில் சில்லிட்ட எஃகுச் சட்டத்தில் நீராய்ப் படிந்து பலகையின் பின்புறம் ஊறும். மரத்துகள்களை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு அப்படி ஊறி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது; அதைத் தவிர்ப்பதே நல்லது. எந்தப் பலகையானாலும் அறுத்த ஓரங்களிலும் திருகுத் துளைகளிலும் எப்பாக்சி அல்லது பாலியுரேத்தேன் பூச வேண்டும். செம்பு உப்பு ஏற்றிய பதன மரம் உளுக்காதுதான். ஆனால் ஈரம் சேர்ந்தால் தொட்டிருக்கும் அலுமினியத்தை அது அரித்துவிடும்.

பலகைப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு சிறிய அறையில் பெரிய கேடு. 2005 கத்ரீனா புயலுக்குப் பின் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த வண்டி வீடுகளில் 519ஐ அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்தபோது, காற்றில் அதன் சராசரி அளவு நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. 2010 அமெரிக்கச் சட்டம் கடின மர பிளைவுட்டின் உமிழ்வுக்குப் பத்து லட்சத்தில் 0.05 பங்கு என வரம்பு வைத்தது. பலகை வாங்கும்போது அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதைக் காட்டும் டி.எஸ்.சி.ஏ. ஆறாம் தலைப்பு (TSCA Title VI) முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

சுவர்ப் பலகைகளைப் பசையிட்டு ஒட்டாமல் திருகிலேயே நிறுத்துவது நல்லது. கசிவு வந்தால் ஒரு பலகையை மட்டும் கழற்றி, பின்புறத்தை உலர்த்தி மாட்டலாம்.