சொல்லுக்கு ஒரு சதம்

ஹியூகோ விருதை அறியாத அறிவியல் புனைகதை வாசகர் அரிது. 1953 இல் முதன்முதலாக வழங்கப்பட்ட அவ்விருது, லக்ஸம்பேர்க்கில் பிறந்து 1904 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹியூகோ கேர்ன்ஸ்பாக்கின் பெயரைத் தாங்கியுள்ளது. 1926 ஏப்ரலில் அவர் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரிஸ்', அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த முதலாவது ஆங்கிலச் சஞ்சிகையாகும். ஆனால், அவருக்கு எழுதியவர்கள் அவரை நினைவுகூர்ந்த விதம் வேறு.

எச். பி. லவ்கிராஃப்டின் புகழ்பெற்ற கதைகளுள் ஒன்றான 'விண்ணிலிருந்து வந்த நிறம்' 1927 செப்டெம்பரில் அச்சஞ்சிகையில் வெளியானது. ஏறத்தாழ 12,000 சொற்கள் கொண்ட அக்கதைக்கு, நீண்ட இழுபறிக்குப் பின்னர், 25 டொலர் கிடைத்தது. சொல்லொன்றுக்கு ஒரு சதத்தின் ஐந்தில் ஒரு பங்கு! அதன்பின் லவ்கிராஃப்ட் தமது கடிதங்களில் கேர்ன்ஸ்பாக்கை எலியென்றே குறிப்பிட்டார். பிறருடைய கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுத்தே அவர் பெரிதும் பிழைத்தார். 1937 இல் வறுமையிலேயே மறைந்தார்.

மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகிய அக்காலச் சஞ்சிகைகள் சொற்களை எண்ணியே கூலி கொடுத்தன. 1930 ஜனவரியில் தொடங்கிய 'அஸ்டவுண்டிங்' சொல்லுக்கு 2 சதம் வழங்கியது. அதையும் கதையை ஏற்றுக்கொண்டவுடனேயே கொடுத்தது. 1933 இல் அதன் பதிப்பகம் நொடித்துப்போய்ச் சஞ்சிகை கைமாறியபின் 1 சதமே வழக்கமாயிற்று. ஐசாக் அசிமோவின் முதற்கதை 1939 இல் 'அமேசிங்' இதழில் வெளியானபோது, 6,400 சொற்களுக்கு அவர் பெற்றது 64 டொலர். அவர் எழுத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. இரசாயனவியலில் பட்டங்கள் பெற்று, 1949 இல் பொஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். முழுநேர எழுத்தாளரானது 1958 இலேதான்.

சொல்லுக்குக் கூலி என்ற ஏற்பாடு எழுத்தையே மாற்றிவிடக் கூடியது. வெட்டிச் சுருக்குபவன் தன் வருமானத்தையே வெட்டுகிறான். திருத்தி எழுதச் செலவாகும் நாட்களுக்குக் கூலியில்லை. வெளியான செய்தியின் நீளத்தை அளந்து கூலி பெற்ற நமது பிராந்திய நிருபர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்த வண்டியில் முழுமையாகப் பூட்டப்பட்டவர் பிலிப் கே. டிக். 1951 இல் முதற்கதையை விற்றதிலிருந்து அவர் எழுதி மட்டுமே வாழ முயன்றார். வளர்ப்புப் பிராணிகளுக்கான கடையில் விற்கப்பட்ட குதிரையிறைச்சியை வாங்கி உண்ட நாட்களைப் பிற்காலத்தில் அவரே பதிவுசெய்துள்ளார். 1963 இல் 'உயர் கோட்டையில் உள்ள மனிதன்' நாவலுக்கு ஹியூகோ விருது கிடைத்தது. விருது பசியை ஆற்றவில்லை. அதையொட்டிய இரண்டு ஆண்டுகளில், ஊக்க மாத்திரைகளின் துணையுடன், ஏறத்தாழ பத்து நாவல்களை எழுதிக் குவித்தார். பின்னொரு காலத்தில் வருமான வரி செலுத்த வழியின்றி நின்றபோது கடன் கொடுத்து உதவியவர் சக எழுத்தாளரான ரொபர்ட் ஹைன்லைன். டிக்கின் நாவலைத் தழுவிய 'பிளேட் ரன்னர்' திரைப்படம் 1982 ஜூனில் வெளிவந்தது. அவர் அவ்வாண்டு மார்ச்சிலேயே மறைந்துவிட்டார்.

1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் கொழும்பில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் கதை வேறு. பௌதிகவியல் ஆய்வுச் சுருக்கங்களை வெளியிட்ட சஞ்சிகையொன்றில் உதவி ஆசிரியராயிருந்த அவரை முழுநேர எழுத்தாளராக்கியது புனைகதையன்று. விண்வெளிப் பயணத்தைப் பொதுவாசகருக்கு விளக்கி 1951 இல் அவர் எழுதிய நூலொன்றை, அமெரிக்காவின் மாத நூற்கழகம் 1952 இல் தன் உறுப்பினர்களுக்காகத் தெரிவுசெய்தது. சொற்கூலிக்கு வெளியே வருமானம் கிடைத்ததாலேயே அவரது கற்பனைக்கு அவகாசம் கிடைத்தது. சிகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் நினைவூட்டும் நிலப்பரப்பில் 1979 இல் அவர் எழுதிய 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' அந்த அவகாசத்தின் விளைவே எனலாம்.

1939 இன் ஒரு சதம் இன்றைய மதிப்பில் இருபது சதத்துக்கும் அதிகம். 1965 இல் உருவான அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம், சிறுகதைக்கான தொழில்முறைக் கூலியின் கீழெல்லையை 2019 இல் 8 சதமாக உயர்த்தியது. அதாவது, தொழில்முறையெனக் கருதப்படும் ஆகக் குறைந்த கூலிகூட, அன்றைய மரக்கூழ்த் தாள் சஞ்சிகை கொடுத்ததன் பாதியை எட்டவில்லை. நூறாண்டுகளுக்கு அப்பாலுள்ள உலகைத் துல்லியமாக வரைந்தவர்களுக்கு, அடுத்த மாத வீட்டு வாடகை மட்டும் எப்போதும் புதிராகவே இருந்துவந்திருக்கிறது.