வேர்ச்சொல்லும் வர்க்கமும்: மலையக வழக்கில் இலத்தீன் அடிச்சொற்கள்

ஆங்கிலச் சொற்களை அவற்றின் இலத்தீன் வேர்களினூடாகக் கற்றல் பழையதொரு பயிற்றுமுறையாகும். நோர்மன் லூயிஸ் 1949இல் வெளியிட்ட ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ என்னும் நூல் இம்முறையைத் தென்னாசிய நகரங்களின் நடுத்தர வர்க்கத்து இளைஞரிடையே பரப்பிற்று. ஒரு வேரை அறிந்தாற் பல சொற்கள் விளங்கும் என்பதே இதன் அடிப்படை. பெரும்பாலும் இது நினைவாற்றலுக்குரிய உத்தியாக மட்டுமே கருதப்பட்டு வந்துள்ளது. எனினும் ஒரு சொல்லின் வேர் அச்சொல் கடந்து வந்த சமூக உறவுகளின் பதிவுமாகும். ஓட்டன் சமவெளியின் அடிவாரத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால் அமைந்த டயகம போன்ற தேயிலைத் தோட்டங்களின் அன்றாட வழக்கைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலம் அடிப்படையில் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றதன் பின்னர் பிரெஞ்சு ஆட்சியாளரின் மொழியாயிற்று. அதன்வழி இலத்தீன் அடிச்சொற்கள் பெருகின. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர் இலத்தீனிலிருந்து நேரடியாகவும் சொற்களை எடுத்தாண்டனர். இதன் விளைவாக ஆங்கிலச் சொற்றொகுதியிலேயே ஒரு மேல்கீழ் அடுக்கு உருவாயிற்று. கையைக் குறிக்கும் ஹேண்ட், வேலையைக் குறிக்கும் வேர்க் ஆகியன பழைய நாட்டுச் சொற்கள். நீதியைக் குறிக்கும் ஜஸ்டிஸ், சொத்தைக் குறிக்கும் புரொப்பர்ட்டி ஆகியன இலத்தீன் வழிவந்தவை. உழைப்பின் மொழியும் உடைமையின் மொழியும் ஒரே அகராதிக்குள் இரண்டாகப் பிரிந்து நிற்பதை இங்கு காணலாம்.

இப்பிரிவு இலங்கையிற் கல்வியமைப்பாக வடிவெடுத்தது. கொழும்பின் உயர்குழாத்துக் கல்லூரிகளில் இலத்தீன் ஒரு பாடமாயிருந்தது. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகமும் மேலைச் செந்நெறி மொழிகளுக்கு இடமளித்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் நிலையோ வேறு. 1907, 1920 ஆகிய ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் அவர்களது தாய்மொழிக் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டன. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நிறுத்தப்பட்டன. எழுபதுகளிலேயே அவை அரசின் கீழ் வரலாயின. இலத்தீன் வேர்களை முறையாகக் கற்கும் வாய்ப்பு இம்மக்களுக்குக் கிட்டவில்லை.

ஆயினும் அவ்வேர்கள் அவர்தம் நாவிலேயே வழங்கின என்பதே கருதற்பாலது. வரிசைக் குடியிருப்பைக் குறிக்கும் லயம், ஆங்கில லைன் என்பதன் திரிபு. அதன் மூலம் சணல் நூலைக் குறித்த இலத்தீன் லினேயா. விடியலில் ஆட்களை நிறுத்திப் பேர் கொடுக்கும் பெரட்டு, பரேட் என்பதன் திரிபு. அதன் வேர் ஆயத்தம் செய்தலைக் குறிக்கும். தோட்டத்தின் உட்பிரிவான டிவிசன், பகுத்தற்பொருளுடைய டிவிதேரே என்னும் வினையிலிருந்து வந்தது. பங்காளருக்குரிய இலாபப் பங்கைச் சுட்டும் டிவிடென்டும் அதே வேரினதே. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்படும் வரை, இங்கிலாந்தில் பதிவாகியிருந்த கம்பனிகளின் தோட்டங்களில் டிவிசன் தொழிலாளிக்கும் டிவிடென்ட் இலண்டன் முதலீட்டாளருக்கும் உரியனவாயிருந்தன. ஒரு வேரின் இரு கிளைகளும் இரு வர்க்கங்களிடையே பங்கிடப்பட்டமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கொந்தரப்பு என்னுஞ் சொல்லும் இத்தகையதே. அதன் மூலமாகிய கொன்ட்ராக்ட் ‘ஒருங்கே இழுத்தல்’ என்னும் இலத்தீன் பொருளை அடியாகக் கொண்டது. இரு தரப்பாரும் சமமாக இணைதல் அதன் கருத்து. ஆனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. கயிற்றை இழுத்தவர் யார், இழுபட்டவர் யார் என்பதை வேர்ச்சொல் கூறாது. சட்டத்தின் வரலாறே கூறும். 1929இல் வொலோஷினோவ், சொல்லை வர்க்கப் போராட்டம் நிகழும் களமாகக் கண்டமை இங்கு நினைவுகொளற்பாலது.

சொற்களின் பயணம் ஒருவழிப்பட்டதுமன்று. கங்காணி, துண்டு ஆகிய தமிழ்ச் சொற்கள் குடியேற்ற ஆட்சியின் ஆங்கிலச் சட்ட ஏடுகளுட் புகுந்தன. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மறுபுறம், 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரை அமைப்பாகத் திரட்டியபின், தொழிலாளர் தமது அமைப்பைப் பெரிதும் ‘சங்கம்’ என்றே வழங்கலாயினர். வேலையை ஒழுங்குபடுத்திய சொற்களிற் பல மேலிருந்து வந்தன. அவ்வொழுங்கை எதிர்த்த அமைப்புக்கு மக்களே தம் வழக்கிலிருந்து பெயரிட்டனர்.

இவ்வரலாறு பயிற்றுமுறைக்கும் வழிகாட்டுகின்றது. நன்னூல் பகுபதத்தைப் பகுதி, விகுதி முதலிய ஆறு உறுப்புகளாகப் பிரிக்கக் கற்பிக்கின்றது. இலக்கணம் பயின்ற மலையக மாணவனுக்குச் சொல்லைப் பிரித்து நோக்குதல் புதிதன்று. தமிழிற் பகுதி முன்னிற்கும். இலத்தீன் வழிச் சொல்லிற் பகுதிக்கு முன்னரும் ஓர் ஒட்டு நிற்கலாம் என்னும் வேறுபாட்டை உணர்த்தினாற் போதும். ‘டுக்’ என்னும் அடி நடத்திச் செல்லுதலைக் குறிக்கும். வேலைத்தலத்தை மேற்பார்வை செய்யும் கண்டக்டர், உற்பத்தியாகிய புரொடக்‌ஷன், சம்பளத்திற் பிடிக்கும் கழிவாகிய டிடக்‌ஷன், கல்வியாகிய எடியுகேஷன் ஆகிய நான்கும் அக்குடும்பத்தனவே. தோட்டத்து மாணவன் இவற்றுள் முதல் மூன்றையும் தன் பெற்றோரின் வாழ்விலிருந்தே அறிவான். நான்காவதை அவற்றோடு இணைத்துக் காட்டுவதே ஆசிரியரின் பணி.

ஆயினும் வேரறிவு தன்னளவில் விடுதலை தருவதன்று. சிட்டிசன் என்னுஞ் சொல் நகரமக்களைக் குறித்த சிவிஸ் என்பதன் வழித்தோன்றல். அதன் பொருளை அகராதி எவ்வாறு விளக்கினும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை அப்பிரச்சினை நீண்டது. சொல்லின் பொருளை இறுதியாக நிர்ணயிப்பது சமூகப் பலமே.

சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலம் ‘கடுவ’, அதாவது வாள், எனப்படுகின்றது. வாளின் கூரை உணர்ந்தோர் அதன் மறுபக்கத்தில் நின்றோரே. தோட்டத்துப் பிள்ளைக்கு வேர்களைக் கற்பிப்பது, அப்பிள்ளையின் மூதாதையர் மீது ஆளப்பட்ட சொற்களை அதன் கையிலேயே ஒப்படைப்பதாகும். மலையகக் கல்விக்காக உழைப்போர் இதனைச் சலுகையாகக் கொள்ளாது உரிமையாகக் கோருதல் வேண்டும்.