முருகன் முகத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

1796. ம்யூனிச் நகரம். நாடகம் எழுதிப் பெரிய ஆளாகிவிடலாம் என்று கனவு கண்ட ஓர் இளைஞர். பெயர், அலாய்ஸ் செனஃபெல்டர். எழுதியதை அச்சடிக்கக் கையில் காசில்லை. நாமே அச்சடித்தால் என்ன என்று வீட்டில் கல்லும் மையுமாக உட்கார்ந்திருந்தார். வாசலில் சலவைக்காரப் பெண் வந்து நிற்கிறார். அம்மா துணிக்கணக்கு எழுதச் சொல்கிறார். கைக்குக் காகிதம் அகப்படவில்லை. மெழுகும் சோப்பும் கலந்த பிசுக்கு மையால், பக்கத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல்லிலேயே எழுதி வைத்தார்.

அந்தச் சலவைக் கணக்கில்தான் உங்கள் வீட்டுப் பூஜையறை முருகனின் பிறப்பு இருக்கிறது. நம்பவில்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

கல்லோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி, 1798-ல் அவர் பிடித்த சூத்திரம் ரொம்ப எளிது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. கல்லை நனைத்தால், பிசுக்கு மையால் வரைந்த இடம் தண்ணீரை ஏற்காது. மற்ற இடமெல்லாம் குடித்துக்கொள்ளும். அதன்மேல் மை உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், பிசுக்கான இடம் பிடித்துக்கொள்ளும். மேடு பள்ளம் எதுவும் கிடையாது. சமதளத்தில் அச்சு! இதற்குப் பெயர்தான் லித்தோ. நம்மூரில் கல் அச்சு.

1904-ல் அமெரிக்காவில் ஐரா ரூபல் என்ற அச்சகக்காரரின் மெஷினில், ஒரு தாள் போடத் தவறிப் படம் ரப்பர் உருளையில் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்பக்கம் அது விழுந்தபோது, முன்பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. தவறையே தொழிலாக்கினார். ஆஃப்செட் பிறந்தது. கல் போய் பிளேட் வந்தது. ஆனால் எண்ணெய்-தண்ணீர் தகராறு மட்டும் அப்படியே நின்றது.

இப்போது கரிசல் மண்ணுக்கு வருவோம்.

1922-ல் சிவகாசியிலிருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை ஏமாற்றுகிற, விவசாயம் கைவிட்ட பூமி. ஆனால் குச்சி காய அந்த வறண்ட வெயிலைவிட வேறென்ன வேண்டும்? சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று தொழில் பரவியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே! அச்சகங்கள் முளைத்தன. (அந்த லேபிளை ஒட்டிய விரல்களில் பல, பிஞ்சு விரல்கள் என்பதையும் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும்.) லேபிள் அடித்த மெஷின் அப்புறம் காலண்டர் அடித்தது.

காலண்டருக்குச் சாமி? அதற்குத்தான் கோவில்பட்டியில் ஒரு மனுஷர் இருந்தார். சி.கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தபடி ஊர் ஊராகச் சுற்றி, 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்கள்தான் குடும்பம். சீடர் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துப் படத்தில் கையெழுத்துப் போடுகிற பெருந்தன்மை அவருக்கு இருந்தது. சீடர் டி.எஸ்.சுப்பையாவின் பெயரைப் பழைய காலண்டர்களில் பார்க்கலாம். 1976-ல் காலமானார்.

அவர் வரைந்தது ஒரு படம். வீடுகளுக்குப் போனது லட்சக்கணக்கில். நடுவில் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, சிவகாசியில் ஒரு மெஷின். அந்த மெஷின் முன்னால் ஒருவர். அவர் யார்?

ஆஃப்செட்டில் முதலில் தண்ணீர் உருளை பிளேட்டைத் தொடும். அப்புறம்தான் மை உருளை. தண்ணீர் கூடினால் மை வெளுக்கும். முருகன் முகத்தில் இருக்கிற ரோஸும் மஞ்சளும் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். சரி, அப்படியே மையைக் கூட்டினால்? மையும் தண்ணீரும் உருளைக்குள் மோர் மாதிரி கலந்துகொண்டு, காய மறுக்கும். தண்ணீர் குறைந்தாலோ, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மை ஏறி அழுக்குப் படியும். புள்ளிகள் அடைத்துக்கொண்டு கண்ணன் நீலம் கறுத்துப்போகும்.

நான் பி.காம். படித்தவன். டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப்போகாமல் ராத்திரி தூக்கம் கெட்டவன். ஆனால் பேரேடு, எழுதிய பிறகு அப்படியே நிற்கும். இந்தக் கணக்கு நிற்காது. மெஷின் ஓட ஓட உருளை சூடாகும். மத்தியானம் ஏறினால் பிளேட்டின் ஈரத்தைக் காற்று உறிஞ்சும். காலையில் வைத்த அளவு இரண்டு மணிக்குச் செல்லாது. குச்சியைக் காயவைத்து வாழவைத்த அதே வெயில், இங்கே எதிரி. காகிதமும் காய்ந்து சுருங்கும். ஒரு கலர் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் போதும், சாமிக்கு உதடு இரண்டு!

கரிசலின் உப்புத் தண்ணீர் வேறு. கடின நீரிலுள்ள சுண்ணாம்பு உருளையில் படிந்து, மை பிடிக்காமல் செய்துவிடும். அதனால் தண்ணீரைச் சுத்திகரித்து, கோந்தும் லேசான அமிலமும் சேர்த்துத்தான் விடுவார்கள்.

சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவசாலி மெஷின்மேன் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வருவார். ஓரத்தில் அழுக்கு எட்டிப்பார்க்கும். அந்த இடத்துக்கு ஒரு நூலளவு மேலே நிறுத்திக்கொள்வார். சாய்ந்து, பிளேட்டின் பளபளப்பைப் பார்ப்பார். அதிகம் மின்னினால் தண்ணீர் கூடுதல் என்று அர்த்தம். இப்போது அடர்த்தியை அளக்கக் கருவிகள் வந்தாச்சு. இருந்தாலும் அந்தச் சாய்ந்த பார்வை போகவில்லை.

செட் ஆகும்வரை விழுகிற தாளெல்லாம் வேஸ்ட். 2007 முதல் 2021 வரை ஒரே ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டியில், அந்த வேஸ்ட் யார் தலையில் விழுந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓவியர் பெயர் படத்தின் மூலையில் இருக்கிறது. அச்சகத்தின் பெயர் அடியில் இருக்கிறது. தண்ணீரைத் திருகியவர் பெயர் எங்கேயும் இல்லை.

வீட்டில் பழைய ஆஃப்செட் காலண்டர் ஏதாவது சட்டம் போட்டு மாட்டியிருந்தால், எடுத்துத் துடைத்துவிட்டு, படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். லேசாகச் சாம்பல் தூவினாற்போல் தெரிகிறதா? பழுப்பு இல்லை, சாம்பல். அப்படியென்றால், ஏதோ ஒரு மத்தியானம் சிவகாசியில் தண்ணீர் கொஞ்சம் குறைந்துவிட்டது.