பதினாறு இதழ்ப் பூவின் விலை

பழைய போர்த்துப்பாக்கிகளைச் சேகரிக்கும் அமெரிக்கர் ஒருவரின் கையில் ஜப்பானியத் துப்பாக்கியொன்றைக் கொடுத்தால், அவர் குழலுக்குள் நோக்குவதற்கு முன்பாக, கட்டையில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்ப்பதற்கு முன்பாக, குண்டு ஏறும் அறையின் மேற்புறத்தைத்தான் பார்ப்பார். அங்கே ஒரு பூ இருக்கவேண்டும். பதினாறு இதழ்கள் கொண்ட சாமந்தி. ஜப்பானியப் பேரரசரின் முத்திரை. பூ முழுமையாக இருந்தால் ஒரு விலை, தேய்த்து அழிக்கப்பட்டிருந்தால் வேறு விலை. மற்றெல்லாவற்றிலும் ஒத்த இரு துப்பாக்கிகள் இந்த ஒரு காரணத்தாலேயே சில நூறு டாலர்கள் வேறுபடுவது அந்தச் சந்தையில் சாதாரணம். விரல்நகம் அளவேயான ஒரு வட்டத்துக்கு இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை நாம் இங்கே சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தத் துப்பாக்கிகள் யாவும் ‘அரிசாகா’ என்ற பொதுப்பெயரால் வழங்குகின்றன. கர்னல் அரிசாகா நாரியாகிரா உருவாக்கிய முப்பதாம் வகை, மெய்ஜி ஆட்சியின் 30ஆம் ஆண்டில், அதாவது 1897இல், படையில் ஏற்கப்பட்டது. 1904–05 ரஷ்யப் போரில் அதுவே ஜப்பானியக் காலாட்படையின் கையில் இருந்தது. மஞ்சூரியாவின் புழுதி அதன் இயக்கத்தில் புகுந்து தொல்லை தந்ததால் நம்பு கிஜிரோ அதைத் திருத்தி, மேலே ஒரு தகட்டு மூடியையும் சேர்த்தார். 1905இல் வந்த அந்த முப்பத்தெட்டாம் வகை முப்பது லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் 6.5 மில்லிமீட்டர் குண்டு போதாது என்பதைச் சீனப் போர் உணர்த்தவே, 7.7 மில்லிமீட்டர் குண்டுடன் 1939இல் தொண்ணூற்றொன்பதாம் வகை பிறந்தது. 99 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டுக்கணக்கில் 2599இன் கடைசி இரண்டு இலக்கம்.

தோற்ற படையின் துப்பாக்கி மட்டமானது என்ற எண்ணம் போருக்குப் பின் அமெரிக்காவில் வெகுகாலம் நிலவியது. அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பி. ஓ. ஆக்லி என்ற துப்பாக்கி வல்லுநர். பல நாட்டு ராணுவத் துப்பாக்கிகளை அளவுக்கு மீறிய மருந்து திணித்துச் சோதித்த அவர், அவற்றுள் மிக உறுதியானவை அரிசாகா என்று கண்டார். ஆயினும் உறுதி வேறு, விலை வேறு. விலையை முடிவு செய்தது பூதான்.

துப்பாக்கி வீரனுடையதன்று, பேரரசருடையது என்பதே அந்த முத்திரையின் பொருள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின் ஆயுதங்கள் எதிரியிடம் ஒப்படைக்கப்பட்டபோது, பேரரசரின் சின்னம் அவற்றோடு போகக்கூடாதென்று அது தேய்க்கப்பட்டது. சிலவற்றில் அரத்தின் கோடுகள் இன்றும் தெரியும். சிலவற்றில் அவசரமான ஓரிரண்டு வெட்டுகள் மட்டுமே. அந்த ஆணை எங்கிருந்து பிறந்தது என்பதில் சேகரிப்பாளர்களிடையே விவாதம் ஓயவில்லை. அழிந்த பூவெல்லாம் 1945இல் அழிந்ததும் அல்ல. படைக்கு உதவாதென்று கழிக்கப்பட்டுப் பள்ளி மாணவர்களின் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட துப்பாக்கிகளில் அதற்கு முன்பே முத்திரை நீக்கப்பட்டது. பூவைச் சுற்றியோ அதன்மேலோ சிறு வட்டங்கள் குத்தப்பட்டிருந்தால் அது இவ்வகை. விலை கேட்பவர்கள் இதையும் சரணாகதித் துப்பாக்கியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதை நாம் அடிக்கடி காண்கிறோம். பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட வேறொரு வகையும் உண்டு. மரையில்லாத குழலும் மெலிந்த இரும்பும் கொண்ட அவற்றில் வெற்றுத்தோட்டா மட்டுமே வெடிக்கலாம். உண்மைத் தோட்டாவை இட்டால் வெடிப்பது துப்பாக்கியாகவே இருக்கக்கூடும்.

அப்படியானால் பூ அழியாத துப்பாக்கி எப்படி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது? சில, தேய்ப்பதற்கு முன்பே கிடங்குகளிலிருந்து எடுக்கப்பட்டவை. பெரும்பாலானவை சரணாகதிக்கு முன்பாகப் போர்க்களத்தில் கைப்பற்றப்பட்டவை. குவாடல்கனாலிலும் சைபனிலும் இவோ ஜிமாவிலும் ஜப்பானிய வீரர்கள் சரணடையவில்லை என்பது நாம் அறிந்ததே. 1944இல் சைபன் தீவில் இருந்த ஏறத்தாழ முப்பதாயிரம் பேரில் உயிரோடு பிடிபட்டோர் மிகச் சிலர். எனவே அங்கே கைப்பற்றப்பட்ட துப்பாக்கி என்பது அநேகமாக இறந்தவனின் துப்பாக்கி. பூ தேய்ந்த துப்பாக்கியை ஏந்தியவனோ, அதை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்க வாய்ப்புண்டு. சந்தை இவ்விரண்டில் முதலாவதற்குத்தான் அதிகம் கொடுக்கிறது. ‘முழுமை’ என்று விலைப்பட்டியல்கள் குறிப்பிடும் சொல்லுக்குள் இது அடங்கியிருப்பதை விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்வதில்லை. நமக்கு அது உறுத்துகிறது.

பூவுக்கு அடுத்தபடியாக எண்கள். வரிசை எண்ணின் இடப்பக்கம் வட்டத்துக்குள் ஒரு ஜப்பானிய எழுத்து இருக்கலாம். எண்கள் லட்சத்தை எட்டும்போது அடுத்த எழுத்தோடு புதிய வரிசை தொடங்கும். அந்த எழுத்துகளின் ஒழுங்கு ‘இரோஹா’ என்ற பழைய பாடலின் ஒழுங்கு. ஒவ்வோர் எழுத்தும் ஒரே முறை வருமாறு அமைந்த அப்பாடல் நிலையாமையைப் பற்றியது! இலக்கிய வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எண்ணின் மறுபக்கம் ஆலையின் குறி. அடுக்கிய பீரங்கிக் குண்டுகள்போல் நான்கு வட்டங்கள் இருந்தால் தோக்கியோ அல்லது கோகுரா. 1923 நிலநடுக்கத்தில் தோக்கியோவின் ஆலை சிதைந்தபின் அதன் பணி தெற்கே கோகுராவுக்கு மாற்றப்பட்டது. அந்தக் கோகுரா ஆயுத ஆலைதான் 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டின் முதல் இலக்கு. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் திரும்பி நாகசாகிக்குப் போயிற்று. துப்பாக்கியின் வரிசை எண்ணும் போல்ட்டின் எண்ணும் ஒத்திருந்தால் விலை ஏறும். புழுதிக்காகச் சேர்க்கப்பட்ட அந்தத் தகட்டு மூடி கடகடவென்று ஒலித்ததால் வீரர்கள் பலர் கழற்றி எறிந்தனர் என்பர். இன்று மூடி இருந்தால் தனி மதிப்பு.

தொண்ணூற்றொன்பதாம் வகை துப்பாக்கிகளை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்தால், ஒரு நாட்டின் தோல்வியை ஆவணங்கள் இல்லாமலே படிக்கலாம். தொடக்கத்தில் உட்புறம் குரோமியம் பூசிய குழல், கம்பித் தாங்கி, விமானத்தைக் குறிபார்க்க மடக்குச் சிறகுகள் என்று ஆடம்பரம். பிறகு தாங்கி போயிற்று, சிறகுகள் போயின, மூடி போயிற்று, குரோமியமும் போயிற்று. கடைசியில், தூரத்துக்கேற்ப நகராத ஒற்றைத் துளைக் குறிகாட்டி, கட்டையின் அடியில் இரும்புக்குப் பதிலாகப் பலகை, தோல்வாருக்குப் பதிலாகக் கயிறு, சாணையின் கீறல்கள் மறையாத இரும்பு. முன்பு பத்துப் பதினைந்து டாலருக்கும் சீந்துவாரற்றுக் கிடந்த இவற்றை இன்று தேடி வாங்குகிறார்கள். சரியான முடிவென்றே நமக்குப் படுகிறது. 1940இன் பளபளப்பைவிட 1945இன் சாணைக் கீறல் கூடுதலாகச் சொல்கிறது.

ஊருக்குக் கொண்டுவந்த அமெரிக்க வீரர்களும் தம் பங்குக்குத் தழும்பு விட்டனர். தோள்பைக்குள் அடங்குவதற்காகக் கட்டையை இரும்பு வளையத்துக்கு அடியில் அறுத்தனர். வளையத்தைக் கழற்றினால்தான் வெட்டு தெரியும். மான்வேட்டைக்கென்று கட்டையைச் சீவி, அறையைக் குடைந்து, அமெரிக்கத் தோட்டாவுக்கு மாற்றியவர்களும் உண்டு. இவை விலையை வீழ்த்தும். கட்டையின் பின்பாதியில் நீளவாக்கில் ஓடும் இணைப்பைக் கண்டு சிலர் விரிசலென்று பதறுவர். அது விரிசல் அன்று, மரத்தை மிச்சப்படுத்த இரண்டு துண்டாகச் செய்து பொருத்தும் ஜப்பானிய முறை. துப்பாக்கியைக் கொண்டுசெல்ல ராணுவம் அளித்த சான்றிதழ் கூடவே இருந்தால் விலை நன்றாகவே உயரும். அத்தாளில் கொண்டுவந்தவரின் பெயரும் பிரிவும் இருக்கும். ஏந்தியிருந்தவரின் பெயர் இராது.

பூவுக்கு விலை இருப்பதால் பூவைச் செய்பவர்களும் தோன்றிவிட்டனர். தேய்ந்த இடத்தில் புதிதாகச் செதுக்குகிறார்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. அரம் இரும்பை எடுத்துக்கொண்டுவிட்டதால் அவ்விடம் சற்றுத் தட்டையாக இருக்கும். வளைந்த பரப்பின்மேல் ஓர் அளவுகோலைக் கிடத்தினால் கீழே ஒளிக்கீற்று தெரியும். ஆலையில் அச்சால் குத்திய இதழ்கள் பதினாறும் ஓரளவில் இருக்கும். கையால் வெட்டியவை அப்படி இரா. கறுப்புப் பூச்சின் நிறமும் சுற்றியுள்ள இரும்போடு ஒட்டாது. மேலும், பூவுக்குக் கீழே செங்குத்தாக ‘தொண்ணூற்றொன்பதாம் வகை’ என்று பொறித்த மூன்று எழுத்துகளின் தேய்மானத்தையும் பூவின் தேய்மானத்தையும் ஒப்பிடவேண்டும். எழுத்துகள் மழுங்கி, பூ மட்டும் கூர்மையாக இருந்தால், விற்பவரிடம் விலை பேசாமலே திரும்பிவிடலாம்.