செங்கம் கணவாய் கற்பிக்கும் பாடம்



போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலை சுவரென நிற்கிறது. அம்மலையின் தென்புறத்தில், செங்கத்தை அடுத்து, ஒரு வாசல் உண்டு. மைசூர்ப் பீடபூமியிலிருந்து ஆர்க்காட்டுச் சீமைக்கு இறங்கும் செங்கம் கணவாய் அது. இறங்கி வருவோர்க்குக் கிழக்கே திருவண்ணாமலை. வடகிழக்கே போளூர், ஆரணி, ஆர்க்காடு. ஆகவேதான் 18ஆம் நூற்றாண்டில் இவ்வழியில் படைகள் மோதின.

அப்போர்களை மதப்போர்கள் என்பார் உளர். வரலாறு அதனை மறுக்கிறது. 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஓரணியில் நின்றனர். எதிரே கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படை; அதற்குத் துணை நின்றவர் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி. ஸ்மித் வென்றார். ஆனால் உண்ண அரிசியில்லை. வென்ற படை பசியோடு திருவண்ணாமலைக்கு நடந்தது.

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையுடன் இக்கணவாய் வழியே இறங்கினார். எதிரிக்கு உணவு கிட்டலாகாது என்று சென்னையைச் சூழ்ந்த ஊர்கள் எரிக்கப்பட்டன. 1782 ஜூன் 2 அன்று ஆரணியில் போர் மூண்டதும், கோட்டையிலிருந்த ஹைதரின் சேமிப்பைக் குறிவைத்தே. திப்பு சுல்தான் விரைந்து காவலைப் பலப்படுத்தினார். தளபதி கூட்டால் கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் மறைந்தார்.

வழிக்காகவும் உணவுக்காகவும் மன்னர்கள் பொருதனர். பயிரையும் வீட்டையும் இழந்தோர் எல்லாச் சமயத்தையும் சார்ந்த எளிய மக்களே. இன்று அக்கணவாயில் பெங்களூருப் பேருந்துகள் செல்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லும்போது, வாளேந்தியோரோடு பட்டினி கிடந்தோரையும் சேர்த்துச் சொல்வோமாக!